மாயாவிக்குப் பொன்விழா: சீத்தா கேம்ப்பில் ஒரு மாலை

சென்ற பொங்கல் விழாவில், கையில் வடைத் தட்டோடு ஒரு நண்பர் என்னை ஓரங்கட்டினார்.

“நம்ம பத்திரிகையில கவிதை வருது, கும்பாபிஷேகம் வருது, யார் வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க்குன்னுகூட வருது. இரும்புக்கை மாயாவியப் பத்தி ஒரு வரி வந்திருக்கா அண்ணாச்சி?”

“அது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்தானே?” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்! கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சீத்தா கேம்ப்புக்கு வாங்க. அந்தச் சின்னப் பிள்ளைங்களக் காட்டுறேன்.”

போனேன். சின்னப் பிள்ளைகள் நால்வர் அங்கே ஒரு வீட்டு மாடியில் கூடியிருந்தார்கள். நால்வருக்கும் வயது அறுபதை ஒட்டி! வீட்டுக்காரர் வயரிங் வேலை பார்த்து ஓய்ந்தவர். அடுத்தவர் பேனா, நோட்டு விற்கும் கடை வைத்திருக்கும் பாய். மூன்றாமவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். நான்காமவர் என்னை வரச்சொன்ன நண்பர். “பேரெல்லாம் போட்டுடாதீங்க, மருமக சிரிப்பா” என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரையில் யாருக்கும் பெயர் கிடையாது.

நடுவில் ஒரு ஸ்டூல். அதன்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் கனத்த புத்தகம் ஒன்று. முத்து காமிக்ஸ் 50-ஆவது ஆண்டு மலர். 2022 ஜனவரியில் வந்தது. வந்து ஆண்டுகள் ஆனாலும் அதைப் பற்றிய பேச்சு இவர்களுக்கு இன்னும் ஓயவில்லை.

யார் இந்த மாயாவி?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே வந்த படக்கதை ‘தி ஸ்டீல் க்ளா’. கதை எழுதத் தொடங்கியவர் கென் புல்மர். பின்னால் டாம் டல்லி தொடர்ந்தார். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதாநாயகன் லூயி கிராண்டல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். ஒருநாள் இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. செத்துவிழ வேண்டியவன் சாகவில்லை, மறைந்துபோகிறான்! இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. முதலில் அந்தச் சக்தியைத் தப்பான வழியில் பயன்படுத்துகிறான். பிறகு மனம் மாறி நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான்.

1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இந்தக் கதைதான். தலைப்பே ‘இரும்புக்கை மாயாவி’. அதன்பின் ‘பாம்புத் தீவு’, ‘பாதாள நகரம்’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’, ‘இமயத்தில் மாயாவி’ என்று வரிசையாக வந்தன. 1984-இல் அவருடைய மகன் எஸ். விஜயன் இளம் வயதிலேயே லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகமானது அந்த லயனில்.

தமிழ் காமிக்ஸ் உலகில் ‘மலர்’ என்றால் சாதாரண விஷயம் இல்லை. கோடை மலர், தீபாவளி மலர், ஆண்டு மலர் என்று தடித்த புத்தகங்கள் வரும். ஆறு மாதம் முன்பிருந்தே காசு சேர்க்கத் தொடங்கினால்தான் வாங்க முடியும் என்றார் பாய். “பெருநாளைக்கு வர்ற காசு, மாமா ஊருக்குப் போறப்ப குடுக்கிற காசு, எல்லாம் உண்டியல்ல போயிரும்.”

சட்டைக்குள் ஒரு புத்தகம்

சீத்தா கேம்ப் வாசகர்களுக்கு இந்தக் கதை மேல் இத்தனை பிரியம் ஏன்? அதைத் தெரிந்துகொள்ள இந்தப் பேட்டை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இங்கே இருக்கும் பழைய குடும்பங்கள் பலவும் ஜனதா காலனியிலிருந்து வந்தவை. மான்கூர்ட் பக்கம், அணு ஆராய்ச்சி நிலையத்தின் குடியிருப்பை ஒட்டி இருந்த பெரிய குடிசைப் பகுதி அது. அந்த நிலம் நிலையத்துக்குத் தேவை என்று சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. மக்களைத் திரட்டிப் போராடியவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த நம் தமிழர், 2000-இல் மகசேசே விருது பெற்றவர், 2018-இல் மறைந்தார். ஆனாலும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்தக் காலனி இடிக்கப்பட்டது. மக்கள் கொண்டுவந்து விடப்பட்ட இடம்தான் சீத்தா கேம்ப்.

வீட்டுக்காரருக்கு அப்போது பதினோரு வயது.

“அம்மா பாத்திரத்த எடுக்கிறாங்க, அப்பா தகரத்தப் பிரிக்கிறாரு. லாரி நிக்கிது. எனக்கு என்ன எடுக்கணும்னு தெரியல. முத்து காமிக்ஸ் முதல் புக்க சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஊர்ல பெரியப்பா மகன் குடுத்தது. இங்க வந்து இறங்கினா சேறு. வெளக்கு கிடையாது. மண்ணெண்ணெய் வெளக்குல அதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீச்சர் சொன்னார்: “கதையில ஆய்வுக்கூடத்தில விபத்து நடந்து ஒருத்தன் வாழ்க்கை மாறுது. நமக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில இருந்ததே விபத்தாப் போச்சு.”

அவர் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆசியாவின் முதல் அணு உலையான அப்ஸரா 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது இதே டிராம்பேயில்தான். மதராஸிலும் மதுரையிலும் மாயாவி படித்த பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம் என்பது படத்தில் பார்த்த சங்கதி. இங்கே இருந்த பிள்ளைகளுக்கோ அது பக்கத்துச் சுவர். “அந்தச் சுவருக்குப் பின்னால ஒரு பேராசிரியர் பாரிங்கர் கண்டிப்பா இருக்காருன்னு நெனச்சுக்குவோம்” என்று சிரித்தார் பாய்.

ஷாக் அடித்தால் மறைய முடியுமா?

பேச்சு சூடு பிடித்தது. அந்தக் காலத்தில் மாயாவி படித்துவிட்டு பிளக் பாயிண்டில் விரலை விட்ட பையன்கள் எத்தனை பேர்! வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“நாப்பது வருஷம் கரண்டோட பழகினவன் சொல்றேன், எழுதிக்கோங்க. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். உடம்பு வழியா 30 மில்லி ஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. இப்ப வீட்ல வைக்கிறோமே ஆர்.சி.சி.பி., அது டக்குனு விழறது அந்தக் கணக்குலதான். மாயாவி மறையறதுக்கு முன்னாடி போய்ச் சேந்திருப்பாரு!”

டீச்சர் விடவில்லை. “கரண்ட விடுங்க. மறைஞ்சிட்டார்னே வச்சுக்குவோம். கண்ணுக்குள்ள இருக்கிற விழித்திரை வெளிச்சத்தப் பிடிச்சாத்தானே பார்வை? உடம்பு முழுக்க வெளிச்சம் ஊடுருவிப் போயிட்டா, மாயாவி யாருக்கும் தெரியமாட்டார், சரி. மாயாவிக்கும் யாரும் தெரியமாட்டாங்களே!”

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ கதையை எழுதியபோது ஒளி விலகலைக் காரணம் காட்டி எழுதினார். கண்ணாடித் துண்டை அதற்கேற்ற திரவத்தில் போட்டால் தெரியாமல் போகிறதல்லவா, அதுபோல. அவருக்கும் இந்தக் கண் விவகாரம் தொல்லைதான்.

ஆனால் இரும்புக்கை? அது பலித்துவிட்டது என்றார் நண்பர். மீதமுள்ள தசையில் எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை உணர்ந்து விரலை மடக்கி நிமிர்த்தும் செயற்கைக் கைகள் இன்று இருக்கின்றன. 1962-இல் கதை எழுதியவர்கள் மின்சாரத்தையும் கையையும் சேர்த்து நினைத்தது வீண்போகவில்லை. “மறையறது பொய்யாப் போச்சு, கை மெய்யாப் போச்சு” என்றார் பாய்.

பெற்றவர்கள் மறந்தாலும்...

இங்கே வாசகர்களுக்கு ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மாயாவி பிறந்து ஓராண்டு கழித்து, 1963 நவம்பர் 23-ஆம் தேதி, அதே இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனில் ‘டாக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானத் தொடர் ஆரம்பித்தது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்கிற ஒரு டாக்டரின் கதை. அதற்கு 2013-இல் 50 ஆண்டு ஆனபோது ஒரு சிறப்புப் படம் எடுத்து, ஒரே நேரத்தில் 94 நாடுகளில் ஒளிபரப்பினார்கள். கின்னஸில் பதிவானது.

அதே நாட்டில் பிறந்த மாயாவிக்கு என்ன ஆயிற்று? வேலியண்ட் இதழ் 1976 அக்டோபரில் வேறொரு இதழோடு சேர்க்கப்பட்டு மறைந்தது. ஜனதா காலனி இடிந்த அதே ஆண்டு! பிறந்த நாட்டில் பழைய இதழ் சேகரிப்பவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் பெயராக மாயாவி ஆகிவிட்டார். 2021-இல் அங்கே ரெபெல்லியன் என்ற நிறுவனம் பழைய கதைகளைத் தொகுத்து மீண்டும் புத்தகமாக்கத் தொடங்கியது.

ஆனால் நம்மிடையே? சிவகாசியில் அச்சாகி, நெல்லையிலும் கோவையிலும் கைமாறி, ரயிலேறி மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இங்கேயும் வந்து சேர்ந்தார். இன்றும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்கள் ஒன்றுகூடும்போது நரைத்த தலைகளுக்கு நடுவில் அவர் பெயர் அடிபடுகிறது. பிறந்த ஊரில் இடமில்லாமல், பிழைக்கப் போன ஊரில் பேர் வாங்கியவர்! “நம்மள மாதிரிதான்” என்றார் டீச்சர். இதற்கு மேல் அதை விளக்க வேண்டுமா என்ன?

மலர் வழக்கு

இனி வழக்குக்கு வருவோம். எந்த ஆண்டு மலர் வந்தாலும் இவர்களுக்குள் எழும் வழக்கு ஒன்றுதான்: மலரில் முதல் மரியாதை யாருக்கு?

பாய் பழைய கட்சி. “மலருன்னா மாயாவி வேணும். மாப்பிள்ளை இல்லாம கல்யாணமா? கலர் கிலர் வேணாம். கறுப்பு வெள்ளையில, கைக்கு அடங்குற சைஸ்ல வேணும். அந்த மை வாசனையே போதும் எனக்கு.”

டீச்சர் புதுக் கட்சி. “மாப்பிள்ளைக்கு அறுபது தாண்டிடுச்சே பாய்! மாயாவி கதை எத்தனை இருக்கு? எல்லாம் போட்டாச்சு, மறுபதிப்பும் போட்டாச்சு. டெக்ஸ் வில்லர் இருக்கார், லக்கி லூக் இருக்கார், லார்கோ வின்ச் இருக்கார், ‘இரத்தப் படலம்’ இருக்கு. உலகத்தில நல்லா வரைஞ்சதெல்லாம் தமிழ்ல வருது. அதுக்கு வழி விடுங்க.”

“நாம நெனச்சுப் பாக்கிறதுக்குத்தானே ஆண்டு மலர்?”

“இல்ல, அடுத்த ஆண்டு மலரப் படிக்க ஆள் வேணும்ல, அதுக்கு!”

இந்த இடத்தில் வீட்டுக்காரர் குறுக்கிட்டார். “ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க. இந்த புக்க இதுவரைக்கும் எத்தனை பேர் படிச்சிருக்கோம்? அதச் சொல்லுங்க மொதல்ல.”

எல்லோர் பார்வையும் என் நண்பர் பக்கம் திரும்பியது. மலர் அவருடையது. அவர் ஒருவர்தான் படித்திருக்கிறார். மற்றவர்கள் அவர் புரட்டிக் காட்டும்போது பார்த்ததோடு சரி. உறையைக் கழற்றி யாரிடமும் கொடுக்கமாட்டாராம்!

நண்பர் முகம் வாடிவிட்டது. அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? 2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைவாசிகள் யாரும் மறந்திருக்கமாட்டோம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று நண்பர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். மறுநாள் நடந்தே வீடு வந்து சேர்ந்தால், இடுப்பளவுத் தண்ணீரில் தகரப் பெட்டி மிதக்கிறது. இருபத்தைந்து வருடம் சேர்த்த புத்தகங்கள், திறந்தால் கூழ்!

“பெட்டியோட வெளிய கொட்டினேன். பொண்டாட்டி பிள்ளைங்க நல்லாருக்காங்க, அது போதும்னு சொல்லிக்கிட்டேன். ஆனா அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாத் திரும்பச் சேத்தது இது. குடுக்க மனசு வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இழந்தவனுக்குத்தானே இழப்பின் வலி தெரியும்!

கை கழுவிட்டு வா!

அப்போதுதான் வீட்டுக்காரரின் பேரன் முறுக்குத் தட்டோடு மேலே வந்தான். ஒன்பது வயது. இங்கிலீஷ் மீடியம். தாத்தாவோடு தமிழில் பேசுகிறான், தெருவில் இந்தியில் விளையாடுகிறான், பள்ளியில் மராத்தி பாடம் படிக்கிறான். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது.

இது இவன் ஒருவன் கதை இல்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் வகுப்பில் உட்கார இடமிருக்காதாம். ஓய்வு பெறும்போது முதல் இரண்டு பெஞ்சோடு வகுப்பு முடிந்துவிட்டதாம். பெற்றோரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றுதானே அவர்களும் பார்க்கிறார்கள்?

பையன் ஸ்டூல் பக்கம் குனிந்தான். மலருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் பழைய மாயாவி மறுபதிப்பு ஒன்றும் கிடந்தது.

“தாத்தா, இந்த அங்கிளுக்குக் கை மட்டும் ஏன் தெரியுது?”

தாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டினார். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று, நான்கு. மின்கம்பியைப் பிடித்த மாயாவி மறைகிறார். கதவுக்கு வெளியே காவலர்கள் வருகிறார்கள். கதவு திறக்கிறது...

“அம்மா கூப்பிடுறா, டீ எடுத்துட்டு வரேன்” என்று தாத்தா எழுந்து கீழே போய்விட்டார். யாரும் கூப்பிட்டதாக எனக்குக் காதில் விழவில்லை!

பையன் பொறுமையில்லாமல் பக்கத்தைப் புரட்டினான். படம் புரிகிறது, பேச்சு புரியவில்லை. விரலை வைத்து டீச்சரைப் பார்த்தான். டீச்சர் பக்கத்தில் நகர்ந்து அட்டையைக் காட்டினார். “இது மா. இது யா. அடுத்தது என்ன, சொல்லு?”

“வி!”

“படிச்சுச் சொல்லல, ஊகிச்சுச் சொல்றான்” என்றார் பாய்.

“ஊகிச்சுத்தான் பாய் எல்லாரும் படிக்க ஆரம்பிக்கிறோம். நீங்க மட்டும் எப்படி ஆரம்பிச்சீங்க?”

பாயிடம் பதில் இல்லை. அவரும் உருது மதரஸாவுக்குப் போய்க்கொண்டே, தமிழைக் காமிக்ஸில் படித்துத் தேறியவர்தான். சற்று முன்பு அவரே சொன்னது.

பையனின் பார்வை இப்போது பெரிய புத்தகத்தின்மேல் போனது. உறைக்குள் இருந்த மலரின்மேல் கையை வைத்தான். விரலெல்லாம் முறுக்கு எண்ணெய்! என் நண்பர் துள்ளி எழுந்தார். நான்கூட, சரி, பையனுக்கு வசவு விழப்போகிறது என்று நினைத்தேன். நண்பர் பையனைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஏலே, கை கழுவிட்டு வா. சோப்பு போட்டு.”

பையன் இரண்டிரண்டு படியாகக் கீழே ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் நண்பர் உறையைக் கழற்றியிருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது இருட்டிவிட்டது. நண்பர் வெற்று உறையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மலர் அங்கேயே இருந்தது. “அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவேன்” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பாயும் டீச்சரும் வழக்கைத் தெருமுனை வரை தொடர்ந்தார்கள். தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. மாயாவிக்கு முதலிடமா, புதியவர்களுக்கா என்பதை அடுத்த மலர் வரை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்த மலரைப் படிக்க ஆள் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அதில் நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நாலைந்து காமிக்ஸ் புத்தகங்கள், அட்டை கிழிந்து, ஓரம் மடங்கிக் கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். தூசி தட்டி ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் நாலு பக்கத்தை நீங்கள் உரக்கப் படியுங்கள். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, டீ போடப் போய்விடுங்கள்.